“டிட் வென்ட்” முதல் “மிஸ்டேக் பண்ணிட்டேன்” வரை: “டூ” வினையில் வரும் பழுதுகளும் சரிசெய்யும் முறையும்

ஆங்கிலத்தில் “டூ” என்ற வினைக்கு இரண்டு வேலை. ஒன்று, “செய்” என்ற பொருளோடு தானே முழுவினையாக நிற்பது. மற்றது, தனக்கென்று பொருள் எதுவும் இல்லாமல் இன்னொரு வினைக்குத் துணையாக நின்று எதிர்மறையையும் கேள்வியையும் அழுத்தத்தையும் சுமப்பது. நம்மவர் ஆங்கிலத்தில் வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையில்தான். அங்கே பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்று: காலம் உட்கார ஒரு நாற்காலிதான் உண்டு. “டூ” வந்துவிட்டால் நாற்காலி அதற்கு. பின்னால் வரும் வினை வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

உங்கள் வாயில், அல்லது நீங்கள் திருத்தும் நோட்டில் வரும் வாக்கியம் எது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: “ஐ டிட் நாட் வென்ட்”, “டிட் ஹி கேம்?”

காரணம்: இறந்தகாலம் இரண்டு முறை ஏறிவிட்டது. “டிட்” என்பதே இறந்தகாலம். “வென்ட்” மறுபடியும் இறந்தகாலம்.

சரிசெய்ய, வாக்கியத்தில் “டிட்” எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் வினையைப் பிடித்து, அகராதியில் எந்த வடிவில் தேடுவீர்களோ அந்த வடிவுக்குக் கொண்டு வாருங்கள். வென்ட் என்றால் கோ, கேம் என்றால் கம், சா என்றால் ஸீ, டோல்ட் என்றால் டெல், பாட் என்றால் பை. “ஐ டிட் நாட் கோ.” “டிட் ஹி கம்?” அவ்வளவுதான்.

“புட்”, “கட்”, “ஹிட்” போன்ற வினைகளுக்கு இரண்டு காலத்திலும் வடிவம் ஒன்றே. அங்கே பிழை வரவே வராது. “ரீட்” மட்டும் ஏமாற்றும். எழுத்து மாறாது, ஒலி மாறும். “டிட் யூ ரெட்?” என்று வாசித்தால் எழுத்தில் தெரியாத பிழை காதில் தெரியும். “டிட் யூ ரீட்?” என்பதே சரி.

இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. “போகவில்லை” என்கிறோம், “போனவில்லை” என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. போக, வர, பார்க்க, சொல்ல: எதிர்மறையில் வினை காலம் துறந்து, நம் இலக்கணம் செயவெனெச்சம் என்று அழைக்கும் வடிவில் நிற்கிறது. “கோ” என்பதும் அந்த “போக”தான். “டிட் நாட்” என்று வாய் தொடங்கும்போதே மனதில் “போக” என்று வையுங்கள், “போனேன்” என்று வைக்காதீர்கள். வகுப்பில் விதியைச் சொல்லிக்கொடுப்பதைவிட இந்த ஒரு ஒப்பீடு வேகமாக வேலை செய்யும்.

இரண்டு மொழியும் வந்த வழிகூட ஒத்துப்போகிறது. பழந்தமிழில் “வந்திலன்”, “கண்டிலேன்” என்று காலம் காட்டும் அடியோடு “இல்” சேர்ந்து வரும். பிறகு அது “வரவில்லை”, “காணவில்லை” ஆயிற்று. ஆங்கிலத்திலும் முன்பு “ஐ சா நாட்”, “ஐ நோ நாட்” என்றே சொன்னார்கள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் “ஜட்ஜ் நாட்” என்று இருப்பதைப் பார்க்கலாம். இன்றைய வழக்கில் அது “டோன்ட் ஜட்ஜ்”. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையான முந்நூறு ஆண்டுகளில் “டூ” மெல்ல மெல்ல நுழைந்து எதிர்மறையையும் கேள்வியையும் பிடித்துக்கொண்டது. ஏன் நுழைந்தது என்பதில் மொழியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. “வரச் செய்தான்” என்பதுபோல் செய்விக்கும் பொருளில் வழங்கிய “டூ” தேய்ந்து துணைவினை ஆனது என்பது ஒரு கட்சி. அண்டையில் பேசப்பட்ட கெல்ட்டிய மொழிகளின் சாயல் என்பது இன்னொரு கட்சி.

வாக்ட், டாக்ட், லவ்ட் என்று இறந்தகாலத்துக்கு ஒட்டும் அந்த “ட்” விகுதியே, ஆங்கிலத்தின் மூதாதையான மிகப் பழைய ஜெர்மானிய மொழியில் “டூ” வினையின் இறந்தகால வடிவம் ஒட்டித் தேய்ந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அப்படிப் பார்த்தால் “டிட் வாக்ட்” என்பவர் ஒரே வாக்கியத்தில் “டிட்”டை இரண்டு முறை சொல்கிறார்.

அறிகுறி: புரியாத இடத்தில் “ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்”, தெரியாத இடத்தில் “ஐ டிட் நாட் நோ”

இலக்கணம் சரி, காலம் தவறு. “வரவில்லை” என்ற வடிவத்தில் காலம் இல்லை என்றோமே, அதன் பக்கவிளைவு இது. “நேற்று வரவில்லை” என்பதும் “இல்லை”, “எனக்குத் தெரியவில்லை” என்பதும் “இல்லை”. முதலாவது நேற்று, இரண்டாவது இப்போது. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கும்.

முகவரி கேட்டவரிடம் “ஐ டிட் நாட் நோ” என்றால், “அப்போது தெரியாது, இப்போது தெரியும்” என்றே அவர் எடுத்துக்கொள்வார். “ஐ டோன்ட் நோ” என்பதுதான் உங்கள் கருத்து. தெரியவில்லை, புரியவில்லை, பிடிக்கவில்லை, நினைவில்லை, வேண்டாம்: இந்த ஐந்தும் இப்போதைய நிலையைச் சொன்னால் “டோன்ட்”. வாக்கியத்தில் “அப்போது” என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் “டிட்”, பொருந்தாவிட்டால் “டூ”.

அறிகுறி: “மை ஃபாதர் வில் நாட் ஈட் மட்டன்”

“அப்பா மட்டன் சாப்பிட மாட்டார்” என்பதன் நேரடி நகல். தமிழில் “மாட்டார்” வழக்கத்தையும் சொல்லும், மறுப்பையும் சொல்லும், நாளைக்கு நடக்கப்போகாததையும் சொல்லும். ஆங்கிலத்தில் “வில் நாட்” பெரும்பாலும் பின்னிரண்டுக்குத்தான். உங்கள் வீட்டாரை விருந்துக்கு அழைத்தவர் இதைக் கேட்டால், அப்பா ஏதோ கோபத்தில் மறுக்கிறார் என்று நினைக்கக்கூடும்.

“மாட்டார்” என்ற இடத்தில் “சாப்பிடுவதில்லை” என்று போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் “டஸன்ட்”: “மை ஃபாதர் டஸன்ட் ஈட் மட்டன்.”

அறிகுறி: “ஹி டோன்ட் நோ”, “டஸ் ஷி கம்ஸ்?”

ஒரே பழுதின் இரண்டு முகம். ஹி, ஷி, இட் மூன்றுக்கும் நிகழ்காலத்தில் ஓர் “ஸ்” உண்டு. அதுவும் அந்த ஒற்றை நாற்காலியில்தான் உட்கார வேண்டும். “டூ” வராதபோது வினையில்: “ஷி கம்ஸ்.” “டூ” வந்தால் அதில்: “டஸ் ஷி கம்?” முதல் பிழையில் “ஸ்” எங்கும் இல்லை, இரண்டாவதில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

“ஹி டோன்ட்” என்று ஆங்கிலப் பாட்டுகளிலும் படங்களிலும் கேட்கிறதே என்பவர்களுக்கு: கேட்பது உண்மைதான். பல வட்டார வழக்குகளில் அது இயல்பான பேச்சு. தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் அதைப் பிழையாகவே எண்ணுவார்கள்.

அறிகுறி: “வேர் யூ வென்ட்?”, “வாட் யூ வான்ட்?”

“டூ” வர வேண்டிய இடத்தில் வரவில்லை. தமிழில் கேள்விச்சொல்லோ ஓர் ஆகாரமோ (“வந்தானா” என்பதில் வரும் “ஆ”) போதும். வாக்கியத்தின் வேறெந்தப் பகுதியும் நகராது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு முன்னால் ஒரு துணைவினை வந்தாக வேண்டும். வேறு துணைவினை இல்லையென்றால் அந்த வேலைக்கு “டூ”.

“நேற்று நீ ஏன் வகுப்புக்கு வரவில்லை?” என்பதைக் கட்டிப் பார்ப்போம்.

1. கேள்விச்சொல் முதலில்: ஒய்.
2. நேற்று என்பதால் இறந்தகாலம், ஆகவே டிட். எதிர்மறை என்பதால் அதோடு நாட் ஒட்டும்: டிடன்ட்.
3. எழுவாய்: யூ.
4. வெறும் வினை: கம்.
5. மீதி: டு கிளாஸ் யெஸ்டர்டே.

“ஒய் டிடன்ட் யூ கம் டு கிளாஸ் யெஸ்டர்டே?” இரண்டாவது படியில் காலத்தை இறக்கி வைத்துவிட்டதால் நான்காவது படியில் “கேம்” வர வழியே இல்லை.

இதைக் கற்றுக்கொண்டவுடன் எதிர்ப்பக்கத்தில் ஒரு பிழை முளைக்கும்: “ஹூ டிட் கம்?” யார் வந்தார் என்று சாதாரணமாகக் கேட்கும்போது “டிட்” வராது, “ஹூ கேம்?” என்பதே சரி. கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் “டூ” வேண்டாம். கண்டுபிடிக்கத் தமிழ் வேற்றுமையே போதும். “யார் பார்த்தார்?” என்பதில் உருபு இல்லை: “ஹூ சா?” “யாரைப் பார்த்தாய்?” என்பதில் ஐ உருபு: “ஹூ டிட் யூ ஸீ?” “என்ன” என்ற சொல்லில் உருபு வெளியே தெரியாது, அதை “எதை” என்று மாற்றிப் பாருங்கள். “என்ன சொன்னாய்” என்பது “எதைச் சொன்னாய்” ஆகும், எனவே “வாட் டிட் யூ ஸே?” “என்ன நடந்தது” என்பது “எதை நடந்தது” ஆகாது, எனவே “வாட் ஹேப்பன்ட்?” எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பவை எழுவாய் ஆவதில்லை, அங்கெல்லாம் துணைவினை கட்டாயம்.

அறிகுறி: “ஐ டோன்ட் நோ வாட் டஸ் ஹி வான்ட்”

கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் அது கேள்வி அல்ல. தமிழில் “அவனுக்கு என்ன வேண்டும் என்று” என அதைச் சேர்த்துக்கட்டும் இடம் அது. “என்று” வரும் இடத்தில் “டூ”வை எடுத்துவிட்டு, காலத்தை வினைக்கே திருப்பிக் கொடுங்கள்: “ஐ டோன்ட் நோ வாட் ஹி வான்ட்ஸ்.” “டெல் மி வேர் யூ வென்ட்.” முந்தைய தலைப்பில் பிழையாக இருந்த “வேர் யூ வென்ட்” இங்கே சரி என்பதைக் கவனியுங்கள்.

அறிகுறி: “டூ யூ கோயிங்?”, “டிட் யூ கேன்?”, “ஐ டிட் நாட் வாஸ் தேர்”

வேண்டாத இடத்தில் “டூ”. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் (“எங்கே” அல்ல, “வாஸ்”ஸின் இணை), கேன், வில், மஸ்ட், ஷுட் ஆகியவை தாமே நாற்காலியில் உட்காரக்கூடியவை. “ஆர் யூ கோயிங்?” “ஐ வாஸ் நாட் தேர்.” விலக்கு ஒன்று: ஏவலில் மட்டும் “பி”யும் “டூ”வை ஏற்கும். “டோன்ட் பி லேட்.”

“ஹாவ்” இரண்டுங்கெட்டான். உடைமையைச் சொல்லும்போது முன்பு பிரிட்டனில் “ஹாவ் யூ எ பென்?” என்றார்கள், இன்று எங்கும் “டூ யூ ஹாவ் எ பென்?” “ஹாவ் யூ ஈட்டன்?” என்பதில் அது துணைவினை, அங்கே “டூ” கூடாது.

அறிகுறி: “டோன்ட் யூ லைக் காபி?” என்றதற்கு “எஸ்” என்றேன், காபி கொண்டுவந்துவிட்டார்கள்

இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, ஆனாலும் அலுவலகத்தில் அதிகக் குழப்பம் உண்டாக்குவது இதுதான். தமிழில் கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொண்டு “ஆமாம், பிடிக்காது” என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வியின் போக்கு முக்கியமல்ல, உண்மை நிலைதான் முக்கியம். பிடித்தால் “எஸ், ஐ டூ.” பிடிக்காவிட்டால் “நோ, ஐ டோன்ட்.” “எஸ், ஐ டோன்ட்” என்ற சேர்க்கை கிடையாது.

“டிடன்ட் ஹி ஸெண்ட் த ஃபைல்?” என்று மேலாளர் ஒருவரைப் பற்றிக் கேட்டு, அந்த நபர் அனுப்பவில்லை என்றால், “நோ, ஹி டிடன்ட்” என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் எஸ், நோ சொல்லி நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு சொல் வால்தான் குழப்பத்தைத் தடுக்கிறது.

“இல்லையா?” என்ற நம் வாலை எல்லா இடத்திலும் “இஸன்ட் இட்?” என்று ஒட்டுவதும் இதே வகை. “யூ கேம் யெஸ்டர்டே” என்றால் வால் “டிடன்ட் யூ?”. “ஷி வொர்க்ஸ் ஹியர்” என்றால் “டஸன்ட் ஷி?”.

அறிகுறி: “ஐ டூ ஹியர்பை டிக்ளேர்” என்று படிவத்தில் இருக்கிறது; நானும் “ஐ டூ வொர்க் இன் சென்னை” என்று எழுதலாமா?

படிவத்தில் இருப்பது பழைய நடையின் எச்சம். 1611 பைபிளில் ஆதாம் “ஐ டிட் ஈட்” என்று சொல்வதற்கு “சாப்பிட்டேன்” என்றே பொருள். எந்த அழுத்தமும் இல்லை. 1755இல் தன் அகராதியோடு சேர்த்த இலக்கணத்தில் சாமுவேல் ஜான்சன் இப்படி வீணாக “டூ” சேர்ப்பதைக் கெட்ட வழக்கு என்று கண்டித்தார். இன்று உடன்பாட்டு வாக்கியத்தில் “டூ” வந்தால் அது பெரும்பாலும் மறுத்துப் பேசும் அழுத்தம்.

அந்த அழுத்தத்துக்குத் தமிழில் நேர் இணை உண்டு: “சொல்லத்தான் செய்தேன்.” ஒருவர் “நீ சொல்லவே இல்லை” என்கிறபோதுதான் இப்படிப் பதில் சொல்வோம். “ஐ டிட் டெல் யூ” என்பது எழுத்துக்கு எழுத்து இதுவே: வினை எச்சமாக நிற்கிறது, காலம் “செய்”யில் இருக்கிறது. “சொன்னத்தான் செய்தேன்” என்று வராததுபோலவே “ஐ டிட் டோல்ட்” என்றும் வராது. யாரும் மறுக்காத இடத்தில் “ஐ டூ வொர்க் இன் சென்னை” என்றால், எதிராளி எதையோ நம்பவில்லை என்று நீங்கள் வாதாடுவதுபோல் தொனிக்கும். “ஐ வொர்க் இன் சென்னை” போதும்.

அறிகுறி: “ஐ டிட் எ மிஸ்டேக்”, “ஐ டிட் டிசைட்”

இது “டூ”வின் முதல் வேலையில் வரும் பழுது. வேர் “பண்ணு”. கால் பண்ணு, லைக் பண்ணு, டிசைட் பண்ணு, மிஸ்டேக் பண்ணிட்டேன்: எந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழுக்குள் இழுக்க “பண்ணு” ஒன்றே போதும். திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தப் “பண்ணு” மட்டும் “டூ” ஆகி ஒட்டிக்கொள்கிறது.

முதலில், “பண்ணு”வுக்கு முன்னால் இருக்கும் சொல் ஆங்கிலத்தில் தானே வினையா என்று பாருங்கள். கால், லைக், டிசைட் எல்லாம் வினைகள். “பண்ணு”வை எறிந்துவிட்டு அதையே காலத்தோடு சொல்லுங்கள்: “ஐ கால்ட் ஹிம்”, “ஐ டிசைடட்”. பெயர்ச்சொல் என்றால் அடுத்த கேள்வி: “டூ”வா “மேக்”கா?

இங்கே வேர்ப்பொருள் உதவும். “டூ”வின் பழைய ஆங்கில வடிவம் “டோன்”, ஜெர்மனில் “டூன்”. இவற்றுக்கு மூலமான இந்தோ-ஐரோப்பிய வேரின் பொருள் “வை, நிறுத்து”. சமஸ்கிருதத்தின் “ததாதி”யும் (வைக்கிறான், தாங்குகிறான்) லத்தீனின் “ஃபக்கெரே”யும் அந்த வேரிலிருந்தே வந்தவை. அந்த “வை” இன்றும் ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கிறது: ஆடை அணிவதற்கு “டான்”, அதாவது டூ-ஆன், மேலே வை, தொப்பி கழற்றுவதற்கு “டாஃப்”, அதாவது டூ-ஆஃப். செயல் என்ற பொருளுள்ள “டீட்”, வைக்கப்பட்ட சட்டம், தீர்ப்பு என்று தொடங்கிய “டூம்” ஆகியவையும் இதே குடும்பம். “மேக்”கின் வேரோ பிசைதல், உருவாக்குதல் என்ற பொருளோடு இணைக்கப்படுகிறது.

ஆகவே சொல்லி முடித்ததும் கையில் புதிதாக ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். தவறு, முடிவு, திட்டம், சத்தம், வாக்குறுதி, புகார், தேநீர்: முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. இவை “மேக்”. வீட்டுப்பாடம், பாத்திரம், துணி, உடற்பயிற்சி, கடமை, உதவி (ஃபேவர்): ஏற்கெனவே உள்ள வேலையை முடிக்கிறீர்கள். இவை “டூ”. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் நிற்காது. சேதம் புதிதாக உண்டாவதுதான், ஆனாலும் “டூ டேமேஜ்” என்பார்கள். முயற்சிக்கு “மேக் ஆன் எஃபர்ட்”, ஆனால் முடிந்தவரை முயல்வது “டூ யுவர் பெஸ்ட்”. இவற்றைச் சேர்த்தே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். குளியல் இரண்டிலும் சேராது. “டேக் எ பாத்”.

அறிகுறி: “டூ ஒன் திங்”, “கைண்ட்லி டூ த நீட்ஃபுல்”

இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. முதலாவது “ஒண்ணு பண்ணு”. இந்தியருக்குள் நன்றாகவே புரியும், வெளிநாட்டவர் எந்த ஒன்று என்று காத்திருப்பார். “ஒய் டோன்ட் யூ” என்று தொடங்கி யோசனையை நேராகச் சொல்லுங்கள். இரண்டாவது பிரிட்டிஷ் அலுவல் கடிதங்களில் ஒருகாலத்தில் சாதாரணமாக வழங்கியது. அங்கே தேய்ந்துவிட்டது, இங்கே நின்றுவிட்டது. அதன் உண்மையான குறை, வேண்டியது எது என்று சொல்லாமலே கடிதம் முடிந்துவிடுவது. “வெள்ளிக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள்” என்று எழுதினால் வேலை நடக்கும்.

அறிகுறி: எழுதினால் சரி, பேசினால் புரியவில்லை என்கிறார்கள்

“டூ” நீளமாக ஒலிப்பதால் “டஸ்”ஸை “டூஸ்” என்றும் “டன்”னை “டோன்” என்றும் சிலர் வாசிக்கிறார்கள். இரண்டிலும் உயிரொலி குறுகியது. “டஸ்”ஸின் கடைசி ஒலி “பஸ்”ஸில் வருவது அல்ல. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும்படி தேனீ ரீங்காரம்போல் முடிய வேண்டும்.

“டிடன்ட்” என்பதில் கடைசி “ட்”டைப் பலர் விழுங்குவார்கள். பிரச்சினை இல்லை, ஆனால் “ன்” கேட்க வேண்டும். அது போனால் எதிர்மறையே போய்விடும். அடுத்தவர் வேகமாகப் பேசும்போது “டிட் யூ” என்பது “டிஜு” என்றும் “டூ யூ” என்பது “ஜு” என்றும் சுருங்கும். “ஜு நோ?” என்று காதில் விழுந்தால் அது “டூ யூ நோ?”. “டிஜு” என்றால் கேள்வி நடந்து முடிந்ததைப் பற்றியது. பதிலிலும் “டிட்” வர வேண்டும்.